பூனையின் நீர்க்கடுப்பும் அதன் சாப்பாட்டுத் தட்டும்

எலிக்கு நஞ்சு வைக்காத வீட்டில் பூனைதான் எலிமருந்து. குதிரில் விதைநெல் வைத்திருக்கிற உழவருக்கும் இது பொருந்தும், கொட்டிவாக்கத்து மொட்டைமாடியில் முப்பது பைகளில் கத்தரியும் வெண்டையும் போட்டிருப்பவருக்கும் பொருந்தும். மாட்டின் மடிநோய்க்கு என்ன, ஆட்டின் வயிற்று உப்புசத்துக்கு என்ன என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வோம். பூனைக்கு என்றால் கையை விரிப்போம். அது தானா திரியும், தானா தின்னும், தானா பிழைச்சுக்கும் என்கிற நினைப்பு. பெரும்பாலும் சரிதான். ஆனால் அது தானா பிழைச்சுக்க முடியாத ஒன்று இருக்கு: நீர்க்கடுப்பு, அது முற்றினால் நீரடைப்பு. நம்ம கைவைத்தியம் உதவாமல் போகிற இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசிடலாம்.

முதலில் அவசரம்

பூனை மணல் தட்டுக்கோ தோட்டத்துப் பைக்கோ திரும்பத் திரும்பப் போகும். குந்தும், முக்கும், இரண்டு சொட்டு வரும், இல்லைன்னா வராது. கத்தும். அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வழக்கமில்லாத இடத்தில், குளியலறையின் குளிர்ந்த தரையில், போய் உட்காரும். சில சமயம் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்து வரும்.

பெண் பூனை என்றால் அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டலாம். ஆண் பூனையாக இருந்து, சொட்டுகூட வரவில்லை என்றால், அப்போதே கிளம்பணும். ஆணின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. மணல்போன்ற துகளும் சளிபோன்ற கசடும் சேர்ந்தால் அதிலே தக்கை வைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். பை நிரம்பி எலுமிச்சம்பழம்போல் கெட்டியாகும். சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். முழுசா அடைபட்ட பூனை இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டது என்றால் பாதி நேரம் ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். குந்தி முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் விடுகிறார்கள். ஒரு நாள் போகிறது. 'சூடு பிடிச்சிருக்கு' என்று வாழைத்தண்டுச் சாறோ சிறுபீளைக் கசாயமோ ஊற்றுகிறார்கள். இன்னொரு நாள் போகிறது. நெருஞ்சில், சிறுபீளை, வாழைத்தண்டு இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. மனிதருக்கும் மாட்டுக்கும் காலங்காலமாகப் பழகி வந்தவை. ஆனால் வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது மேல்மடையைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? வரப்பு உடையும். அடைபட்ட பூனைக்கு நீர் பெருக்கும் மருந்து கொடுப்பதும் அதேதான். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுப்பது ஒன்றுதான் வழி. அது மருத்துவர் வேலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடணும். வலிக்குதேன்னு பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருடைய கல்லீரல் அந்த மருந்தை முறிக்கும் வழி பூனைக்குச் சரியாக இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். வெங்காயமும் பூண்டும்கூட அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் என்று நாம் பூச்சிவிரட்டிக்கு அரைக்கிற கை, அதே பழக்கத்தில் பூனைக்கும் எதையாவது அரைக்கக் கிளம்பும். பூனை சின்ன மாடு இல்லை.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் இருக்கிறது. 1903-லிருந்து இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலைக் கணக்கில் வைத்து, பக்கத்தில் இரவிலும் பார்க்கிற மருத்துவர் யார் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டங்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகள் இருக்கின்றன. உள்ளூர் மருந்தகத்தில் 'மாட்டு டாக்டர்தானே' என்று தயங்க வேண்டாம். குறைந்தது பையைத் தொட்டுப் பார்த்து அடைப்பா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

ஏன் வருகிறது?

அடைப்பு எடுத்து வீட்டுக்கு வந்த பூனைக்கு அடுத்த கேள்வி, இனி என்ன சாப்பாடு என்பது. அதுக்கு முன்னால் பூனையின் உடம்பைப் புரிஞ்சுக்கணும்.

நம்ம வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தண்ணீர்க் குட்டையைத் தேடி அலையாமல், தின்கிற எலியிலிருந்தே நீரை எடுத்துக்கொண்ட உயிர். ஒரு எலியின் உடம்பில் ஏறக்குறைய எழுபது சதவீதம் நீர்தான். அதனால் பூனைக்குத் தாக உணர்வு மந்தம், சிறுநீரை இறுக்கிச் சுண்டவைக்கும் திறமை அதிகம். எலி தின்கிறவரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. உலர்ந்த உருண்டைத் தீவனம் மட்டும் தின்னும்போதுதான் கோளாறு.

கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு கிலோ பூனைக்கு நாளைக்குச் சுமார் 200 முதல் 240 மில்லி நீர் வேணும், உணவிலும் கிண்ணத்திலும் சேர்த்து. உலர்தீவனத்தில் நீர் பத்து சதவீதத்துக்குள். 60 கிராம் தின்றால் கிடைப்பது 6 மில்லி. மீதியை அது கிண்ணத்தில் குடித்தாகணும். பல பூனைகள் அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. சிறுநீர் குறையும், கெட்டியாகும், பையிலேயே அதிக நேரம் தங்கும். கரைந்திருந்த உப்புகள் படியத் தொடங்கும். வெயிலில் உப்பளப் பாத்தி சுண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே பூனைக்கு வேகவைத்த கோழியோ மீனோ 150 கிராம் கொடுத்தால் அதிலேயே 100 மில்லி நீர் இருக்கிறது. வேகவைத்த நீரையும் இன்னும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து 80, 100 மில்லி ஊற்றிக் கொடுத்தால் கிண்ணத்தைத் தொடாமலே கணக்கு முடிந்துவிடும். 1990-களின் கடைசியில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. நீர்க்கடுப்பு வந்து தேறிய பூனைகளில் ஒரு பகுதிக்கு ஈர உணவும், மற்றவற்றுக்கு அதே வகையின் உலர் உணவும் ஓராண்டு கொடுத்தார்கள். உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதத்துக்கு நோய் திரும்பியது, ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்கு. ஐம்பதுக்கும் குறைவான பூனைகள்தான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் உடம்பின் போக்கோடு பொருந்துகிற முடிவு.

பத்து வயதுக்குட்பட்ட பூனைகளுக்கு நீர்க்கடுப்பு வந்தால் பாதிக்கு மேல் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. பையின் உட்சுவர் காரணம் தெரியாமல் வீங்கியிருக்கும். கிருமித் தொற்று இளம் பூனைகளில் மிகக் குறைவு, வயதானவற்றில்தான் கூடுதல். அதனால் ரத்தம் தெரிந்த உடனே நுண்ணுயிர்க்கொல்லி ஊசி என்று போவதில் பெரும்பாலும் பயனில்லை. கோழிப்பண்ணைகளில் அந்த மருந்தை அள்ளி வீசுவதை எதிர்க்கிற நாம், நம் வீட்டுப் பூனைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ஊசியா என்று கேட்கலாம், தப்பில்லை.

கல் இருந்தால் எந்தக் கல்?

பெரும்பாலும் இரண்டு வகை. மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஸ்ட்ருவைட் ஒன்று, கால்சியம் ஆக்சலேட் மற்றொன்று. ஸ்ட்ருவைட், சிறுநீர் காரத்தன்மைக்குச் சாயும்போது படியும். இறைச்சி தின்னும் உயிருக்குச் சிறுநீர் இயல்பிலேயே கொஞ்சம் அமிலமாக, பி.எச். 6-லிருந்து 6.5 வரை, இருக்கும். சோறும் காய்கறியும் தின்றால் அது காரமாகும். ஸ்ட்ருவைட் கல்லைச் சிறப்பு உணவாலேயே இரண்டு முதல் நான்கு வாரத்தில் கரைத்துவிட முடியும், கத்தி வேண்டாம். ஆக்சலேட் கரையாது. எடுத்தாகணும், அல்லது வளராமல் பார்த்துக்கணும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு இது புதுசில்லை. விதையடித்த கிடாய்க்குத் தவிடும் தானியமும் அதிகமாகக் கொடுத்துக் கொழுக்க வைக்கும்போது கல்லடைப்பு வரும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. இரண்டு பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்கிற கணக்கு தலைகீழாகும். அங்கேயும் அடைபடுவது ஆண்தான், அங்கேயும் பின்னணி தீவனமும் தண்ணீரும்தான்.

பூனைத் தீவனக் கம்பெனிகளின் கதை ஒன்று நமக்குப் பாடம். 1980-களில் ஸ்ட்ருவைட்டுக்குக் காரணம் மக்னீசியம் என்று கண்டு, தீவனத்தில் அதைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கும்படி மாற்றினார்கள். ஸ்ட்ருவைட் குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் ஆக்சலேட் கற்கள் ஏறின. 1981-லிருந்து கற்களை வாங்கிச் சோதித்துவரும் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மையத்தின் பதிவுகளில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஒரே சத்தைத் துரத்திப் போவது, யூரியா மூட்டையை நம்பின காலத்தில் நாம் பார்த்ததுதானே.

அதனால்தான் எலுமிச்சைச் சாறு, வினிகர், வைட்டமின் சி மாத்திரை என்று வீட்டிலேயே 'அமிலமாக்க' முயலக் கூடாது. எந்தக் கல் என்று தெரியாமல் அமிலம் ஏற்றினால் ஆக்சலேட் கல்லுக்கு உரம் போட்ட மாதிரி. வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாகவே மாறும். கல் வெளியே வந்தால் தூக்கிப் போடாமல் காய்ந்த டப்பாவில் எடுத்துப் போங்க.

கல்லைக் கரைக்கும் அந்தச் சில வாரங்களுக்கு மருத்துவர் சொல்லும் பாக்கெட் உணவைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. கம்பெனிச் சரக்குதான், விலையும் கூட. ஆனால் அளந்து செய்த உணவு அது. வீட்டில் அதே அளவில் சமைக்க முடியாது. அதிலும் ஈர வகையையே கேளுங்க. உலர் வகைதான் கிடைக்கிறது என்றால் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்க.

வீட்டுச் சாப்பாடு

கொட்டிவாக்கத்தில் ஒரே தெருவின் இரண்டு முனையில் இரண்டு வகைப் பூனைகள். கடற்கரைக் குப்பத்தில் மீனவர் வலை உதறுகிற இடத்தில் பச்சைமீனை எதிர்பார்த்து நிற்பது ஒன்று. சாலையோர அடுக்குமாடியில் தயிர்சாதமோ உருண்டைத் தீவனமோ தின்று, கருத்தடை செய்துகொண்டு, கனத்துப்போய் ஜன்னலில் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. நீர்க்கடுப்புக்கு எல்லா வகையிலும் தோதானது இரண்டாவது. உடல் கனம், அசைவின்மை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது, உலர்தீவனம், ஆண் என்பது, இதெல்லாம் ஆபத்தைக் கூட்டுகிறவை.

சைவ வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கொள்கை உங்களுக்கு, பூனைக்கு இல்லை. டாரின் என்கிற சத்தைப் பூனையால் போதுமான அளவு தானே செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் வரணும். அது குறைந்தால் பூனையின் இதயம் பலூன்போல் வீங்கிச் செயலிழக்கிறது என்று 1987-ல் கலிஃபோர்னியாவில் பால் பியன் என்பவரின் குழு கண்டுபிடித்தது. தயிர்சாதத்தில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

சமைப்பதென்றால் கோழியின் தொடைப்பகுதியும் இதயமும் நல்லது, டாரின் அங்கேதான் அதிகம். அந்தச் சத்து வேகவைக்கும் நீரில் இறங்கிவிடும். நீரைக் கொட்டாமல் அதோடேயே கொடுத்தால் சத்தும் திரும்பும், நீரும் சேரும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. நமக்கு வைத்த குழம்பிலிருந்து துண்டை எடுத்து அலசிக் கொடுப்பது சரிப்படாது. ஒன்று மறக்காதீங்க: வெறும் கறியை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் எலும்பு இளகும். முட்டையோட்டுத் தூளோ வேறெதுவோ எவ்வளவு சேர்ப்பது என்பது கல்லின் வகையைப் பொறுத்தது. அதை மருத்துவரிடம் எடைபோட்டு எழுதி வாங்குங்க, கைக்கணக்கு வேண்டாம்.

மீன் தின்றால் கல் வரும் என்பார்கள். புதுமீனின் சதை வில்லன் இல்லை. நீர் நிறைய உள்ளது அது. முள்ளும் தலையும்தான் பாஸ்பரஸ், மக்னீசியம், சுண்ணாம்பு எல்லாம் திரண்ட இடம். கல் வந்த பூனைக்கு நெத்திலியை முழுசாக அள்ளிப் போடாமல், சங்கராவோ கிழங்கானோ வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்க. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 அழியும், வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. மத்திபோல் எண்ணெய் மிகுந்த மீனை மட்டுமே தினமும் போட்டால் உடம்புக் கொழுப்பு அழற்சி கண்டு பூனை தொடவிடாமல் கத்தும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன், மற்ற நாள் கோழி என்று மாற்றிக் கொடுத்தால் போதும். கருவாடு மட்டும் கூடவே கூடாது. நீர் போய், உப்பு ஏறி, முள்ளோடு சேர்ந்து வருவது அது.

மீன் அமிலம் தயாரிப்பவர்கள் சந்தையிலிருந்து தலையும் குடலும் வாங்கி வருவீர்கள். அதில் ஒரு பிடி பூனைக்கு என்று ஒதுக்குவது வழக்கம். நீர்க்கடுப்பு வந்த பூனை இருந்தால் அந்த ஒதுக்கீட்டை நிறுத்துங்க, வாளியையும் இறுக்கி மூடுங்க. வெல்லமும் மீனும் புளிக்கிற வாசனைக்குப் பூனை மாடியேறி வரும்.

பழைய தீவனத்திலிருந்து ஒரே நாளில் மாற்றாதீர்கள். பூனை புதுசை முகர்ந்துவிட்டுப் பட்டினி கிடக்கும். 'பசிச்சா தின்னும்' என்கிற வைராக்கியம் இங்கே ஆபத்து. கனத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைந்து மஞ்சள்காமாலை வரும், உயிருக்கே கேடு. ஒரு வாரம், பத்து நாள் எடுத்து, பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுசைக் கலந்து, நீரையும் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கூட்டுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஈர உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க முடியாது. அதனால் மூன்று நான்கு வேளையாகச் சின்னச் சின்னதாக வைக்கணும்.

தண்ணீரும் நிம்மதியும்

போர் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம் என்று கடலோரத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். கடினத்தன்மை 500 என்று அளவு காட்டும் தண்ணீரை 100 மில்லி குடித்தால் உடம்புக்குள் போகும் கால்சியம் அதிகபட்சம் 20 மில்லிகிராம். ஒரு நாள் தீவனத்தில் அதைப்போல் இருபத்தைந்து மடங்கு இருக்கிறது. ஆக, தண்ணீரில் வரும் சுண்ணாம்பு பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு: கோடையில் உப்புக் கரிக்கும் தண்ணீரைப் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். நாம் குடிக்கிற நீரையே வையுங்க. மீசை இடிக்காத அகலமான மண்சட்டி அல்லது பீங்கான் கிண்ணம், வீட்டில் மூன்று நான்கு இடத்தில், சோற்றுத்தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி. காலை மாலை மாற்றணும்.

பயமும் பதற்றமும் பூனையின் சிறுநீர்ப்பையை வீங்க வைக்கும் என்பது கேட்கக் கொஞ்சம் வினோதமாக இருக்கும். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், தினமும் கொஞ்சம் விளையாட்டு, சண்டை போடாத சாப்பாட்டு நேரம், இவற்றைச் சரிசெய்ததிலேயே நோய் திரும்புவது குறைந்தது. பட்டாசு, வீடு மாறுவது, புதுப்பூனை வருவது, மாடியில் கட்டுமான வேலை என்று ஏதாவது நடக்கும் வாரத்தில் தட்டை இன்னும் ஈரமாக்குங்க, பூனையைக் கவனிங்க. இரண்டு பூனை இருந்தால் மூன்று மணல் தட்டு.

மாடித்தோட்டக்காரருக்கு இதில் ஒரு சங்கடம். தென்னைநார்க் கழிவு போட்ட பையைவிட நல்ல மணல் தட்டு பூனைக்கு உலகத்தில் இல்லை. அங்கே போனால் எத்தனை முறை போச்சு, எவ்வளவு போச்சு என்று நமக்குத் தெரியாது. பூனையின் மலத்தில் கர்ப்பிணிகளுக்கு ஆகாத ஒட்டுண்ணியும் இருக்கலாம். பைகளின் வாயில் வலையோ முள்குச்சியோ வைத்துத் தடுத்துவிட்டு, வீட்டுக்குள் தட்டு வையுங்க. நாளைக்கு இரண்டு முதல் நான்கு ஈரக்கட்டிகள் இயல்பு. ஈர உணவுக்கு மாறியபிறகு கட்டிகள் பெரிசாகணும், வாடை குறையணும்.

அதோடு நிறுத்தாமல் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்க. பழச்சாறின் இனிப்பளக்க நாம் கண்ணில் வைத்துப் பார்க்கிறோமே, அதே மாதிரிக் கருவியில்தான் சிறுநீரின் அடர்த்தியையும் பார்க்கிறார்கள். 1.035-க்குக் கீழே இருந்தால் நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் போய்ச் சேருகிறது. மேலே இருந்தால் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி. கல்யாணம் காட்சிக்கென்று ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் உலர்தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். வேகவைத்ததை நாள்வாரியாகப் பிரித்து உறையவைத்து, எவ்வளவு வெந்நீர் கலக்கணும் என்று எழுதி, பூனை ஒரு வேளைகூட ஒன்றுக்குப் போகலைன்னு தோன்றினால் யாரைக் கூப்பிடணும் என்கிற எண்ணையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போங்க.